எங்கே தூக்கினார், எங்கே வைத்தார்

நெய்வேலி நகரியத்து மைதானங்களில் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும், முதல் ஷிப்ட் முடித்த கையோடு விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிரவுண்டுக்கு வரும் அண்ணன்களுக்கும், பெண் பிள்ளைகளை ஆட அனுப்பச் சொல்லிப் பெற்றோரிடம் பேசிப் பேசிச் சம்மதிக்க வைக்கும் அக்காக்களுக்கும்,



ஸ்டீபன் கான்ஸ்டன்டைன் என்ற மனிதரைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும் என்று வெகுநாளாக மனதில் இருக்கிறது. இந்தியக் கால்பந்து அணிக்கு இரண்டு முறை தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர். லண்டனில் பிறந்தவர். நேபாளம், இந்தியா, மலாவி, சூடான், ருவாண்டா, மறுபடியும் இந்தியா, பிறகு பாகிஸ்தான் என்று ஊர் ஊராகப் போய்த் தேசிய அணிகளுக்குப் பயிற்சி கொடுத்தவர். இடையில் சைப்ரஸ் கிளப்புகள், இங்கிலாந்தில் மில்வால், கொல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால். நான் அவருடைய ரசிகன். கோல் அடிப்பவர்களுக்கு ரசிகர் மன்றம் வைக்கும் நாட்டில் ஒரு கோச்சுக்கு ரசிகனாக இருப்பதைப் பலர் வினோதமாகப் பார்க்கிறார்கள். நீங்கள் அப்படிப் பார்க்க மாட்டீர்கள் என்று தெரிந்துதான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அவர் கைக்கு வந்த அணிகளை முதலில் பாருங்கள். பணம் புரளும் இடம் ஒன்றுகூட இல்லை. ஜெயித்துப் பழகிய இடமும் இல்லை. 1999-இல் நேபாளம் அவரை அழைத்தது. அந்த வருடம் காட்மாண்டுவில் தெற்காசிய விளையாட்டுப் போட்டி. நேபாளம் இறுதி ஆட்டம் வரை வந்து, வங்கதேசத்திடம் ஒரே ஒரு கோலில் தோற்று வெள்ளி வாங்கியது. 2002-இல் இந்தியா. அந்த வருடமே வியட்நாமில் எல்ஜி கோப்பையை நம் பையன்கள் தூக்கினார்கள். அடுத்த வருடம் ஹைதராபாத்தில் நடந்த ஆப்பிரிக்க-ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெள்ளி.

அதன்பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 2004-இல் உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் ஜப்பானிடம் அங்கே ஏழு கோல் வாங்கினோம், கொல்கத்தாவில் நான்கு. கொச்சியில் ஓமனிடம் ஐந்து. அதற்கடுத்த வருடம் அவர் போய்விட்டார். அவரைத் திட்டுபவர்கள் இந்த எண்களைத்தான் முதலில் எடுப்பார்கள். எடுக்கட்டும். ஜப்பான் அப்போது ஆசியக் கோப்பையைக் கையில் வைத்திருந்த அணி. நம் பையன்கள் பலருக்கு ஒழுங்கான உணவுத் திட்டம்கூட இல்லாத காலம் அது. கோல் எண்ணிக்கையை மட்டும் வைத்து அந்த ஆட்டத்துக்குப் பின்னால் இருந்த பயிற்சியாளரை எடைபோடுவது நியாயம் இல்லை.

நான் இந்த மடலில் சொல்ல வந்தது இதுதான்: ஒரு கோச்சை அளக்க வேண்டுமானால், அவர் அணியை எந்த இடத்தில் தூக்கினார், எந்த இடத்தில் வைத்துவிட்டுப் போனார் என்று பார்க்க வேண்டும். கோப்பை அலமாரியில் தேடினால் கிடைக்காது.

2015 ஜனவரியில் கான்ஸ்டன்டைன் இரண்டாம் முறை இந்தியாவுக்கு வந்தபோது உலகத் தரவரிசையில் நம் இடம் 171. வந்த இரண்டே மாதத்தில் 173-க்கு இறங்கியது. அந்த வருடம் ஜூன் மாதம் குவாம் தீவில் 1-2 என்று தோற்றோம். மொத்த மக்கள்தொகையே இரண்டு லட்சத்தைத் தொடாத தீவு. மறுநாள் பேப்பரில் வந்த கேலியை இன்றும் மறக்க முடியவில்லை. அன்றைக்கே மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பியிருந்தால் ஒருவரும் தடுத்திருக்க மாட்டார்கள். அவர் போகவில்லை. புதுப் பையன்களைக் கூப்பிட்டார், பார்த்தார், வேண்டாம் என்று சிலரை அனுப்பினார், இன்னும் சிலரைக் கூப்பிட்டார். பெயர் பெற்றவர்களைவிட ஓடக்கூடியவர்களை நம்பினார். உடல்தகுதி, சாப்பாடு, தூக்கம், ஓடிய தூரத்தை அளக்கும் கருவி என்று இந்திய முகாமில் பேசாத விஷயங்களைப் பேச வைத்தார். 2016 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் ஆப்கானிஸ்தானைக் கூடுதல் நேரத்தில் 2-1 என்று வென்று தெற்காசியக் கோப்பை. 2017 மார்ச்சில் மியான்மர் மண்ணில் கடைசி நிமிடத்தில் நம் முன்வரிசை ஆட்டக்காரர் சேத்ரியின் கோல். ஜூனில் பெங்களூருவில் கிர்கிஸ்தானை 1-0. அந்த ஜூலையில் தரவரிசை 96. இருபது வருடத்துக்கு மேல் நாம் பார்க்காத இடம் அது.

இந்தக் காலத்தில் அவர் எடுத்த ஒரு முடிவை உங்கள் காதில் போட்டே ஆக வேண்டும். மலப்புரம் மாவட்டம் கொண்டோட்டியைச் சேர்ந்த அனஸ் எடத்தொடிகா. இளம் வயதில் ஆட்டோ ஓட்டியவர். கிளப் கிளப்பாக ஆடி நல்ல டிஃபெண்டர் என்று பெயர் வாங்கியிருந்தார், ஆனால் இந்தியச் சட்டை மட்டும் கிடைக்கவில்லை. முப்பது வயதில் புதுமுகமாக ஒருவரை எடுக்க எந்தத் தேர்வாளருக்கும் கை வராது. கான்ஸ்டன்டைன் எடுத்தார். 2017-இல் கம்போடியாவுக்கு எதிராக அனஸ் முதல் முறையாக நாட்டுக்காக இறங்கினார். அதன்பின் சந்தேஷ் ஜிங்கனும் அவரும் நடுவில் நின்ற பின்வரிசையை உடைக்க வந்தவர்கள் ரொம்பத் திண்டாடினார்கள். இன்னொரு பக்கம், அதே அணியில் இருபது வயது அனிருத் தாப்பாவும் இருபத்தொரு வயது ஆஷிக் குருணியனும். வயதைப் பார்த்து ஒதுக்கவும் இல்லை, வயதைப் பார்த்துத் தூக்கி வைக்கவும் இல்லை. பதினான்கு வயதிலேயே ஒரு பையனைப் பார்த்து "இவன் வளர மாட்டான், விட்டுவிடலாம்" என்று முடிவு கட்டும் வழக்கம் நம் ஊர்த் தேர்வுகளிலும் உண்டு. அந்த நேரத்தில் அனஸை நினைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

2019 ஜனவரி 6, ஞாயிற்றுக்கிழமை. அபுதாபியில் ஆசியக் கோப்பையில் நம் முதல் ஆட்டம், எதிரே தாய்லாந்து. இங்கே நமக்கு மாலை ஏழு மணி. இருபத்தேழாவது நிமிடம் பெனால்டி, சேத்ரி அடித்தார். சற்று நேரத்தில் தாய்லாந்தின் தீரசில் தலையால் முட்டிச் சமன் செய்தார். ஹாஃப் டைம் முடிந்து ரசிகர்கள் இருக்கையில் வந்து உட்காருவதற்குள் உதாந்தா வலப்பக்கமாகக் கொண்டுபோய்க் கொடுத்த பந்தை ஆஷிக் லேசாகத் தட்டிவிட, சேத்ரி வந்த வேகத்தில் வலைக்குள் அனுப்பினார். அறுபத்தெட்டாவது நிமிடத்தில் தாப்பா. அந்தக் கோலை உங்கள் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள். முன்னால் கோல்கீப்பர் வெளியே வருகிறார், ஓங்கி அடிக்கத் தோன்றும் இடம் அது. அந்த இருபது வயதுப் பையன் பந்தின் அடியில் காலைக் கொடுத்து, கீப்பருக்கு மேலே மெல்லத் தூக்கிப் போட்டான். எண்பதாவது நிமிடத்தில், களத்துக்குள் வந்து கொஞ்ச நேரமே ஆகியிருந்த ஜெஜே நான்காவதைப் போட்டார். 4-1. ஆசியக் கோப்பையில் 1964-க்குப் பிறகு நமக்குக் கிடைத்த முதல் வெற்றி. ஐம்பத்தைந்து வருடம்.

அந்தத் தோல்விக்காகத் தாய்லாந்து தன் பயிற்சியாளரை மறுநாளே வீட்டுக்கு அனுப்பியது. அவரும் லேசுப்பட்டவர் இல்லை. மிலோவான் ராயேவாட்ஸ். 2010 உலகக் கோப்பையில் கானாவைக் கால் இறுதி வரை கூட்டிக்கொண்டு போனவர். நாடு விட்டு நாடு போகும் பயிற்சியாளரின் பிழைப்பு இப்படித்தான் இருக்கிறது. ஒரு மாலை, ஒரு ஆட்டம், முடிந்தது.

நமக்கும் அப்படி ஒரு ஆட்டம் வந்தது. அடுத்த ஆட்டத்தில் அமீரகத்திடம் 0-2 என்று தோற்றாலும், பஹ்ரைனோடு டிரா செய்தால் அடுத்த சுற்று என்ற நிலை. ஜனவரி 14, போகி ராத்திரி, ஷார்ஜா. நம் தெருக்களில் மறுநாள் பொங்கலுக்குக் கோலப் பொடி கலக்கிக்கொண்டிருந்த நேரம். தொண்ணூறு நிமிடம் 0-0. காயம் பட்ட அனஸ் ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே வெளியேறிவிட்டார், ஆனாலும் பின்வரிசை அசையவில்லை. தொண்ணூற்று ஒன்றாவது நிமிடம் நம் ஆட்டக்காரர் ஒருவரின் கால் பெட்டிக்குள் பஹ்ரைன்காரர் மேல் பட்டது. பெனால்டி. 0-1. ஒரே கோலில் குழுவின் கடைசி இடத்துக்குப் போய்விட்டோம். ஆட்டம் முடிந்து பத்திரிகையாளர்கள் முன்னால் வந்து உட்கார்ந்த கான்ஸ்டன்டைன், பதவியை விட்டு விலகுவதாகச் சொன்னார்.

அவர் விலகியது அவருடைய முடிவு, அதை மதிக்கிறேன். ஆனால் அந்தப் பெனால்டியை வைத்து நான்கு வருட வேலையை எடைபோட்டவர்கள் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. பந்தை நீளமாகத் தூக்கி அடிக்க வைக்கிறார், அழகாக ஆட வைக்கவில்லை என்றார்கள். ஆட்டம் சில நாள் அழகாக இல்லை என்பது உண்மைதான். 173-இல் இருக்கும் அணிக்கு முதலில் தேவைப்படுவது தோற்காமல் இருக்கும் பழக்கம். அந்தப் பழக்கம் வந்தது. தோல்வியே இல்லாமல் பதின்மூன்று ஆட்டம் ஆடினோம். அதற்கு முன் நம் அணிக்கு அப்படி ஒரு ஓட்டம் வாய்த்ததில்லை.

நம் சுரங்கத்தைப் பற்றி வெளியூர்க்காரர்களிடம் சொல்லும்போது, எல்லாரும் வாளிச் சக்கர இயந்திரத்தைத்தான் கேட்பார்கள். அதன் படத்தைத்தான் காலண்டரிலும் போடுகிறார்கள். பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை ராத்திரி பகலாக இறைத்துக்கொண்டே இருக்கும் பம்புகளை ஒருவரும் கேட்பதில்லை. அவை நின்றால் தண்ணீர் அடியிலிருந்து பொத்துக்கொண்டு மேலே வரும், சுரங்கமே இருக்காது. கோச்சின் வேலையும் அந்த ரகம். சேத்ரியின் கோல் எல்லார் கண்ணிலும் படும். அந்தக் கோலுக்கு முன்னால் அணி மூழ்காமல் பார்த்துக்கொண்டது யார் என்று நாம்தான் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ருவாண்டாவில் அவர் இருந்தது 2014-இல் சில மாதங்கள்தான். அதற்குள் அந்த நாடு தரவரிசையில் அதுவரை தொடாத 68-ஆம் இடத்தைத் தொட்டது. இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது, பாகிஸ்தான். நிர்வாகச் சண்டையில் ஃபிஃபாவின் தடை வாங்கி, ஆட்டமே இல்லாமல் கிடந்த அணி. அதுவரை அது உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் ஒரு ஆட்டத்தில்கூட ஜெயித்தது கிடையாது. 2023 அக்டோபரில் கம்போடியாவோடு இரண்டு ஆட்டங்களுக்குச் சற்று முன்புதான் கான்ஸ்டன்டைன் பொறுப்பேற்றார். புனோம் பென்னில் 0-0. 17-ஆம் தேதி இஸ்லாமாபாதில் ஹாரூன் ஹமீத் கோல் அடித்தார், 1-0. பாகிஸ்தான் வரலாற்றின் முதல் தகுதிச்சுற்று வெற்றி. அடுத்த சுற்றில் சவூதி, ஜோர்டான், தஜிகிஸ்தானிடம் எல்லா ஆட்டமும் தோற்றார்கள். ஆனால் அந்த ஒரு ராத்திரி அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிடைத்துவிட்டது. இந்திய அணிக்குப் பயிற்சி கொடுத்த மனிதர் பாகிஸ்தானுக்கும் கொடுத்தார் என்பதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை, சந்தோஷம்தான். பந்து சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவன் கூப்பிடும் இடத்துக்குப் போகிறான்.

இந்த வகைப் பயிற்சியாளர்கள் உலகில் எப்போதும் இருந்திருக்கிறார்கள். ஜிம்மி ஹோகன் என்ற ஆங்கிலேயர் முதல் உலகப் போர்க் காலத்தில் புடாபெஸ்டில் மாட்டிக்கொண்டு எம்டிகே கிளப்புக்குச் சொல்லிக்கொடுத்தார். 1953-இல் ஹங்கேரி லண்டனுக்கே வந்து இங்கிலாந்தை 6-3 என்று அடித்தபோது, ஹங்கேரிக்காரர்கள் நன்றி சொன்னது அவருக்கு. செர்பியாவின் போரா மிலுட்டினோவிச் மெக்சிகோ, கோஸ்டா ரிகா, அமெரிக்கா, நைஜீரியா, சீனா என்று ஐந்து நாடுகளோடு அடுத்தடுத்த ஐந்து உலகக் கோப்பைக்குப் போனவர், அதில் நான்கு முறை முதல் சுற்றைத் தாண்டினார். நமக்கு வந்த பாப் ஹவுட்டன் 1979-இல் ஸ்வீடனின் மால்மோ அணியை ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுபோனவர். இருபத்தேழு வருட இடைவெளிக்குப் பிறகு இந்தியாவை 2011 ஆசியக் கோப்பையில் நிறுத்தியதும் அவர்தான். கான்ஸ்டன்டைன் இவர்கள் அளவுக்குப் பேர் வாங்கவில்லை. எனக்கு அவர்மேல் பிரியம் கூடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆட்டக்காரராகவும் அவருக்குப் பெரிதாக ஒன்றும் அமையவில்லை. அமெரிக்காவில் சின்னச் சின்ன அணிகளில் ஆடிக்கொண்டிருந்தபோது முழங்கால் காயம், இருபதுகளிலேயே ஆட்டம் முடிந்தது. அந்த வயதில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்ட எத்தனை பேரை நம் ஊரில் எனக்குத் தெரியும். உங்களிலும் சிலருக்கு அந்தக் கதை உண்டு. மாநில அணி வாசல் வரை போய்த் திரும்பியவர்கள் இருக்கிறீர்கள். பெரிய ஆட்டக்காரனாக இருந்தால்தான் சொல்லிக்கொடுக்கலாம் என்று சொல்லுபவர்களுக்கு இவர் ஒருவரே போதுமான பதில். இன்னொருவரும் உண்டு: ஹைதராபாத்தின் சையத் அப்துல் ரஹீம். இந்தியாவுக்கு 1951-லும் 1962-லும் ஆசிய விளையாட்டுத் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். அவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். உங்களைப் போலவே பள்ளி மைதானத்தில் விசில் ஊதியவர்.

போன மாதம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பதினான்கு வயதுக்குட்பட்டோர் ஆட்டம், நம் பையன்கள் தோற்றார்கள். கடைசிக் கோல் கீப்பரின் கைக்குக் கீழே போனது. மற்றவர்கள் பையைத் தோளில் போட்டுக் கிளம்பிவிட்டார்கள், அவன் மட்டும் கம்பத்தடியில் உட்கார்ந்து கையுறையின் பட்டையைப் பிய்த்துப் பிய்த்து ஒட்டிக்கொண்டிருந்தான். காலுறை முழுக்கச் செம்மண். உங்களில் ஒருவர் போய் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கோலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சுண்ணாம்புப் பொடியைக் கையில் அள்ளி, அவன் நிற்க வேண்டிய இடத்தில் இரண்டு பாதக் குறி போட்டார். "இங்க நில்லுடா. எடது கால் இவ்ளோ முன்னால." பிறகு எழுந்து தள்ளி நின்று பந்தைத் தரையோடு உருட்டினார். அவன் விழுந்து பிடித்தான். மறுபடியும் உருட்டினார். தெரு விளக்கு எரியும் வரை உருட்டிக்கொண்டே இருந்தார். சைக்கிளைப் பிடித்தபடி வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, குவாமில் தோற்ற அணியை மறுநாள் காலை பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கக்கூடிய அந்த லண்டன்காரர்தான் நினைவுக்கு வந்தார்.

உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. நெய்வேலி வந்தவர்களின் ஊர். 1956-இல் நிறுவனம் தொடங்கியதிலிருந்து ஆந்திரம், கேரளம், வடக்கு என்று எங்கெங்கிருந்தோ வேலைக்கு வந்து இந்த வட்டங்களில் குடியேறியவர்களின் பிள்ளைகள்தான் நம்மில் பாதிப் பேர். அப்படிப்பட்ட ஊரில், மந்தாரக்குப்பத்திலிருந்தும் சுற்றுக் கிராமங்களின் முந்திரிக் காடுகளுக்கு நடுவிலிருந்தும் வரும் பிள்ளை, ஒப்பந்தத் தொழிலாளியின் பிள்ளை, கிரவுண்டு ஓரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போவதை நான் பார்க்கிறேன். ஷூ இல்லை, யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. அவர்களை நீங்களாகக் கூப்பிடுங்கள். முப்பது வயதில் ஒருவனைக் கூப்பிட்ட கோச்சை இந்த நாடு பார்த்திருக்கிறது. பன்னிரண்டு வயதில் கூப்பிடுவது அதைவிடச் சுலபம்.

பெண் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நம் மாவட்டத் தலைநகரான கடலூரிலிருந்து போன இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் மிட்ஃபீல்டில் ஆடியவர், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2018-இல் கட்டாக்கில் மணிப்பூரை வென்று தமிழ்நாட்டுப் பெண்கள் முதல்முறையாகத் தேசிய சாம்பியன் ஆனார்கள். மணிப்பூரை வெல்வது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நெய்வேலியிலிருந்து கடலூர் பஸ்ஸில் போய் வரும் தூரம். அங்கே முடிந்தது இங்கே முடியும்.

பெற்றோர் உங்களிடம் வந்து "எத்தனை கப் வாங்கினீங்க?" என்று கேட்பார்கள். ஜூனில் உங்கள் பிள்ளைகள் எத்தனை பேர் இடது காலால் பந்தைத் தடுக்கத் தெரியாமல் வந்தார்கள், டிசம்பரில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். கேட்பவர்களிடம் அதைக் காட்டுங்கள். ஒன்று இரண்டு பேராவது புரிந்துகொள்வார்கள்.

கான்ஸ்டன்டைன் தன் வாழ்க்கையை ஓவன் ஆமோஸ் என்பவரோடு சேர்ந்து 2017-இல் புத்தகமாக எழுதியிருக்கிறார், பெயர் 'ஃப்ரம் டெல்லி டு தி டென்'. டென் என்பது மில்வாலின் மைதானம். என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது. ஆங்கிலத்தில் படிக்கச் சிரமம் என்றால் முக்கியமான பகுதிகளை உட்கார்ந்து படித்துத் தமிழில் சொல்கிறேன், யார் கேட்டாலும். இரண்டாம் ஷிப்ட் இல்லாத வாரங்களில் சாயங்காலம் ஐந்து மணிக்கு எனக்கு வேலை கிடையாது. பந்துக்குக் காற்றடிக்க, கோன் அடுக்க, கோடு போட ஆள் வேண்டுமென்றால் சொல்லி அனுப்புங்கள், வருகிறேன்.

அன்புடன்,
நெய்வேலியிலிருந்து ஒரு கால்பந்து ரசிகன்